பாட்டி சேலையில் பேரனுக்குச் சொக்காய்

ஏப்ரல் பிறந்துவிட்டால் வானிலைச் செய்தியில் திருத்தணியின் பெயர் தவறாமல் வரும். 40 டிகிரியைத் தாண்டிய ஊர்களை வாசிக்கும்போது வேலூருக்கு முன்னாலோ பின்னாலோ அது இருக்கும். மலைமேல் முருகன் சினம் தணிந்து குளிர்ந்த இடம் என்று புராணம் சொன்னாலும், அடிவாரத் தெருக்களில் சித்திரை வெயில் யாருக்கும் தணிந்து போவதில்லை. நார்வேயிலும் இங்கிலாந்திலும் பாட்டிமார் கம்பளி நூலெடுத்துப் பேரப்பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் காலுறையும் பின்னியது பனியிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற. திருத்தணிப் பிள்ளைக்குப் பயம் பனியால் அல்ல, வேர்க்குருவால். அதற்கு வேண்டியது வேர்வையை உறிஞ்சுகிற, தோலில் உரசாத, பல வருடம் துவைத்துத் துவைத்து மெதுவான பருத்தித் துணி. அந்தத் துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. பாட்டியின் மரப்பெட்டியில்தான் கிடைக்கும்.

மகளுக்கு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ ஆகும்போது அந்தப் பெட்டி திறக்கும். கட்டிக் கட்டிச் சாயம் வெளுத்த நூல் சேலைகளும் தாத்தாவின் பழைய வேட்டிகளும் வெளியே வரும். கொதிக்கும் நீரில் போட்டு அலசி வெயிலில் காயவைத்தபின், எது எதற்கு ஆகும் என்று பாட்டி பிரிப்பாள். நைந்து போகாமல் உறுதியாக இருக்கும் முழுச் சேலை தூளிக்கு. வேட்டியைக் கிழித்தால் இடுப்பில் கட்டும் துணி. நாலைந்து மடிப்பாக மடித்து ஓரம் ஓட்டினால் படுக்கை விரிப்பு. முந்தானைப் பக்கத்து நல்ல துண்டில் கையில்லாத, முதுகில் நாடா முடிகிற ஜப்லா. பிள்ளை உட்காரத் தொடங்கும்போது அதே சேலையின் மிச்சத்தில் ஒரு சொக்காய். இந்த எல்லைப் பகுதியில் சட்டைக்கு அதுதான் பெயர். தெலுங்கு பேசும் அண்டை வீட்டிலும் கிட்டத்தட்ட அப்படியே சொல்வார்கள்.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக்கூடாது என்று பல குடும்பங்களில் இன்னும் ஒரு விதி உண்டு. பதினாறு நாள் வரை என்பார்கள் சிலர், முப்பது நாள் வரை என்பார்கள் சிலர். கண்ணேறு படும் என்பது சொல்லப்படும் காரணம். சொல்லப்படாத காரணமும் இருக்கிறது. தறியிலிருந்து இறங்கிய புதுத்துணியில் கஞ்சிப் பசை இருக்கும், அது பச்சைப் பிள்ளையின் தோலைக் கீறும். நெசவூர்க்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும், ஏனென்றால் பாவுக்குக் கஞ்சி போடுகிறவர்களே அவர்கள்தான்.

இப்படித் தைத்துக் கொடுத்ததற்கு எந்த ஆவணமும் இல்லை. திருத்தணியில் கல்வெட்டுக்குப் பஞ்சம் கிடையாது. மலையடிவாரத்து வீரட்டானேசுவரர் கோயில் 9ஆம் நூற்றாண்டில், அபராசிதவர்ம பல்லவன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் கட்டிய கற்றளி. கட்டியவர் பெயரும் கொடுத்த நிலமும் கல்லில் நிற்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் ஒருவர் தெய்வத்துக்குக் கொடுத்தது தெரிகிறது. அறுபது ஆண்டுக்கு முன் ஒரு கிழவி தன் பேத்திக்குத் தைத்துக் கொடுத்தது தெரியவில்லை. கைத்தையலின் வரலாற்றைத் தேடுகிறவர் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்ளும் சுவர் இது: விற்ற தையலுக்குக் கணக்கு இருக்கிறது, வீட்டுக்குத் தைத்ததற்கு இல்லை.

ஆனாலும் தடயங்கள் உண்டு. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரை வரிசையாகச் சொல்கிறது. துணி தைப்போரும் தோல் தைப்போரும் அங்கே தனித்தனியாக வருகிறார்கள். அவர்களோடு, துணியாலும் நெட்டியாலும் விதவிதமான பொருள்களைச் செய்கிற இன்னொரு கூட்டமும் வருகிறது. அந்தக் கூட்டத்தை நினைக்கும்போது துணிப்பூவும் துணிப்பொம்மையும் கண்முன் வருவதைத் தவிர்க்க முடியாது. திருத்தணி அடங்கிய தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை இன்னும் பக்கத்தில் கொண்டுவருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் தச்சர் செய்த சிறுதேரைக் காட்டுகிறார். ஏறி ஊர்வதற்கான தேர் அல்ல அது, பிள்ளைகள் உருட்டி விளையாட என்றே செய்தது. காஞ்சியிலிருந்து ஆண்ட இளந்திரையனைப் புகழ வந்த பாட்டில் ஒரு பொம்மைக்கு இடம் கிடைத்திருக்கிறது. தச்சன் செய்ததால் அந்த இடம். பாட்டி செய்திருந்தால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

திருத்தணியைச் சுற்றி வந்தால் இந்தக் கதைக்கு நூல் எங்கிருந்து வந்தது என்று புரியும். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை, பள்ளிப்பட்டு என்று மேற்கேயும் வடக்கேயும் நெசவூர்கள். எல்லையைத் தாண்டினால் நகரி, புத்தூர் பக்கமும் அதே தறிச் சத்தம். இவ்வூர்களில் பெருமளவில் நெய்தவர்கள் செங்குந்தர்கள். முருகனின் படையில் நின்ற வீரபாகு முதலான நவவீரர்களின் வழி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் மரபு. தணிகை முருகன் அவர்களுக்குக் குலத்தின் தலைவன். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்து மலையேறும் கூட்டத்தில் தறிக்காரர்கள் நிறைந்திருப்பதற்கு இந்த உறவே காரணம்.

தறி வீட்டில் சும்மா இருக்கும் கை கிடையாது. ஆண் தறிக்குழியில் உட்கார்ந்தால், பாவு தோய்வதிலும் நூல் இழைப்பதிலும் பெண்கள் நிற்பார்கள். கண் மங்கி, முதுகு வளைந்த பாட்டிக்கும் ராட்டையில் தார் சுற்றும் வேலை இருக்கும். நாடாவுக்குள் போகிற அந்தத் தார் அவள் கையிலிருந்து வராவிட்டால் தறி நிற்கும். ஆனால் கூலி துணிக்குத்தான். தார் சுற்றியவளுக்கென்று தனிக் கணக்கு எழுதியவர் இல்லை. பாவின் கடைசி முழத்தை முழுதாக நெய்ய முடியாது. அச்சிலும் விழுதிலும் மாட்டிய நூல் அறுத்தெடுக்கப்படும். விற்க முடியாத அந்த நூல்முனைகளும் குறைத் துண்டுகளும் வீட்டிலேயே தங்கிவிடும். தூளிக் கயிறுக்கும், பொம்மை வயிற்றை நிரப்பவும், ஒட்டுப் போடவும் ஆகிற சரக்கு அது. நெசவூர்ப் பிள்ளை புரண்டு வளர்ந்த துணியில் சந்தைக்குப் போன சேலையின் வால் ஒன்று எப்போதும் இருந்தது.

விற்கப்போன துணியின் பயணமோ உலக வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டக்கூடியது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட பருத்தி, மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரோடு மேற்கு ஆப்பிரிக்காவில் போய் இறங்கியது. நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை இஞ்சிரி என்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அதை அப்படியே கட்டிவிடுவதில்லை. ஊசியால் ஓர் இழையைத் தூக்கி, சிறு பிளேடால் அறுத்து உருவிவிடுவார்கள். இப்படி இழை இழையாகக் குறைத்துக்கொண்டே போனால், தமிழ்த் தறியில் விழுந்த கட்டத்துக்குள்ளிருந்து வேறொரு கோலம் எழும். பெலெட்டே பிட்டே என்ற அந்தத் துணி குடும்பப் பெட்டியில் பூட்டிவைக்கப்பட்டு, தலைமுறை தாண்டி இறங்கும். ஜோன் ஐக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பற்றிப் பல கட்டுரைகள் எழுதியிருக்கிறார். இங்கே நெய்த துணி அங்கே ஒரு பாட்டியின் சொத்தாகி, பேர் சொல்லும் வரலாறாகவும் ஆகிவிட்டது.

பழந்துணியைப் பிள்ளைக்குத் தைப்பது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. இந்த விஷயத்தில் இந்தியா முழுவதும் ஒரே பாட்டியின் வீடு. எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கு வீடுகளில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வையை பொந்த என்பார்கள். பீகாரில் சுஜனி என்று அதற்குப் பெயர். அங்கே கந்தல்களுக்கென்றே ஒரு தாய்த் தெய்வம் உண்டு, சித்திரியா மா. கந்தலை ஒட்டித் தைத்துப் பிள்ளையைச் சுற்றினால் அவள் காப்பாள் என்பது நம்பிக்கை. வங்காளத்தின் காந்தாவோ கவிதையாகவே ஆகிவிட்டது. மூன்று நான்கு பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்று விரித்து, அந்தச் சேலைக் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் ஓடுதையல் போட்டு, தாமரையும் யானையும் தேரும் எழுப்புவார்கள். ஜசீமுத்தீன் 1929இல் அதை வைத்து ஒரு கதைப்பாடலே எழுதினார். குருசதய் தத் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த காந்தாக்கள் இன்று கொல்கத்தாவுக்கு அருகே ஜோக்காவில் அருங்காட்சியகமாக இருக்கின்றன.

கர்நாடகத்தின் உத்தர கன்னடக் காடுகளில் வாழும் சித்தி மக்களின் கவந்தி இன்னும் உருக்கமானது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டுப் பழந்துணிகளை விளிம்பிலிருந்து உள்நோக்கித் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டே வந்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்து வைத்த சின்ன முக்கோணத் துண்டுகள் பூக்கள். பூ இல்லாத போர்வை அம்மணமாக இருக்கிறது என்று பெண்கள் சொல்வார்கள். இதில் பெரும்பங்கு வயதானவர்களின் வேலை. வயலுக்குப் போக முடியாத பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்காக உட்கார்ந்து தைக்கிறார்கள்.

தமிழ்நாட்டு அருங்காட்சியகத்தில் இதற்கு இணையாக ஒன்றைத் தேடினால் கிடைப்பது அரிது. அழகு குறைவாக இருந்ததால் அல்ல, முழுதாகப் பயன்பட்டதால். சேலை தூளியானது, தூளி விரிப்பானது, விரிப்பு கிழிந்து அடுப்படியில் பிடிதுணியானது. அதுவும் கரியாகி நைந்தபின் தரை துடைத்தது. நல்ல வெள்ளை வேட்டியின் கடைசித் துண்டு விளக்குத் திரியாகி எரிந்து முடிந்தது. எதுவும் மிச்சம் வைக்கப்படவில்லை, ஆகவே காட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. மலைப் பகுதியில் மட்டும் நிலைமை வேறு. நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரைபடம் எதுவுமின்றி இழைகளை எண்ணியே தைக்கும் பூத்குளி, இறுதிச் சடங்கின்போது உடலைப் போர்த்தும் துணியும் ஆகும். ஆகவே அதற்கு மரியாதையும் அதிகம், கவனமும் அதிகம். 2013இல் தோடர் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தமிழ் வீடுகளுக்கு ஊசி புதிதல்ல. ஊசியும் பாசியும் விற்றுக்கொண்டு நரிக்குறவர்கள் ஊர் ஊராக வந்தார்கள். கிழிசலைத் தைக்கவும் ஒட்டுப் போடவும் எல்லா வீட்டிலும் தெரிந்திருந்தது. வெட்டி, அளவெடுத்து, உருவம் கொடுத்துத் தைப்பதைப் பெண்பிள்ளைகளுக்குப் பாடமாக்கியது 19ஆம் நூற்றாண்டு. அதைச் செய்தவர்களில் முதலில் நிற்பவர்கள் மிஷனரிமாரின் மனைவியர். யாழ்ப்பாணத்து உடுவிலில் ஹேரியட் வின்ஸ்லோ 1824இல் தொடங்கிய பெண்கள் பள்ளியில் வாசிப்போடு தையலும் இருந்தது. நாகர்கோவிலுக்கு 1819இன் இறுதியில் கணவர் சார்லஸ் மால்ட்டுடன் வந்த மார்த்தா மால்ட், அடுத்த சில ஆண்டுகளில் பெண்களுக்குத் திண்டில் ஊசி குத்தி, மரக்குச்சிகளில் நூல் சுற்றிப் பின்னும் லேஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொண்டவர்களில் அடிமைப் பெண்கள் இருந்தார்கள். லேஸ் விற்ற பணத்தில் தங்கள் விடுதலையை வாங்கியவர்களும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான் என்பதை நினைத்தால் அந்த நூலின் வலிமை புரியும்.

மார்த்தாவின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லைத் திருமணம் செய்துகொண்டு இடையன்குடிக்குப் போனார். தாயிடம் கற்ற லேஸ் மகளோடு திருநெல்வேலித் தேரிக்காட்டுக்கு வந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கால்டுவெல்லின் வீட்டில், பனையேறும் குடும்பத்துப் பெண்கள் வெள்ளை நூலைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒப்பிலக்கணத்தைப் பற்றித் தமிழில் நூலகம் நிறைய எழுதியாகிவிட்டது. பின்னலைப் பற்றி ஒரு கைக்கு அடங்குகிற அளவே எழுதப்பட்டிருக்கிறது.

தைத்த துணி அன்று மானத்தின் கேள்வியாகவும் இருந்தது. மிஷனரி மீட்டின் மனைவி வடிவமைத்த தளர்வான ரவிக்கையை நாடார் பெண்கள் அணிந்ததற்காகத் தெற்குத் திருவிதாங்கூரில் அடிதடியும் தீவைப்பும் நடந்தன. 1859 பிரகடனம்தான் நாடார் பெண்கள் எல்லோருக்கும் மேலுடை அணிய அனுமதி தந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரு பாட்டி தன் பேத்திக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பது வெறும் அன்பளிப்பாக மட்டும் இருக்க முடியாத காலம் அது.

வட ஆர்க்காட்டுப் பக்கம் 1853இல் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கியவர்கள் ஸ்கட்டர் குடும்பத்தினர். சித்தூர், ராணிப்பேட்டை, ஆரணி என்று அவர்கள் நிலையங்கள் பரவின. திருப்பதிப் பக்கம் ஜெர்மானிய லுத்தரன் மிஷன் இருந்தது. திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சிறுவயதில் அந்த மிஷனின் திருப்பதிப் பள்ளியில் படித்தார். பையன்களுக்குக் கணக்கும் ஆங்கிலமும் என்றால், பெண்பிள்ளைகளின் பள்ளிகளில் பிற்பகல் தையலுக்கு ஒதுக்கப்பட்டது. சங்கிலித் தையல், காம்புத் தையல், காஜா எடுப்பது, கொக்கி போடுவது, குரோஷா ஊசியில் மேசைவிரிப்பு என்று ஒரு புதுப் பாடம் வீடுகளுக்குள் போனது. பள்ளிக்குப் போன பேத்தி, பள்ளியே பார்த்திராத பாட்டிக்குக் குரோஷா சொல்லிக்கொடுத்த வீடுகளும் இருந்திருக்கும்.

இதன் மறுபக்கத்தை ஆந்திரத்தின் நரசாபுரம் காட்டுகிறது. அங்கேயும் லேஸ் 1840களில் மிஷனரிகள் வழியாகத்தான் வந்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள் முழுக்கக் குரோஷா பின்னி ஏற்றுமதிக்குக் கொடுத்த பெண்களை வியாபாரிகளும், சில சமயம் அவர்களே தங்களையும், வீட்டில் சும்மா இருப்பவர்கள் என்று சொல்லிக்கொண்டதை அவர் எடுத்துக்காட்டினார். உலகச் சந்தைக்குப் போன வேலையையே பொழுதுபோக்கு என்று ஒதுக்கினார்கள் என்றால், பேரனுக்குத் தைத்ததை யார் வேலை என்று சொல்லியிருப்பார்கள்?

அடுத்து வந்தது மிஷின். ஐசக் சிங்கர் 1851இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரத்துக்கு 1877இல் கொழும்பில் கடை திறந்தாகிவிட்டது. 1880களின் பிற்பகுதியிலிருந்து இந்தியா, பர்மா, இலங்கைக்கு அதன் முகவராக இருந்தவர் நஸர்வான்ஜி மெர்வான்ஜி படேல் என்ற பார்சி. தவணையில் வாங்கலாம் என்ற வசதிதான் அதை வீடுகளுக்குள் கொண்டுபோனது. இலங்கையில் அது சீர்வரிசைப் பொருளாகவே ஆனது. சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக மேற்கே போன ரயில் பாதை 1856இலேயே வந்துவிட்டது. அரக்கோணத்திலிருந்து திருத்தணி வழியாக ரேணிகுண்டாவுக்குக் கிளை பிரிந்தபின், நூல்கண்டும் ஆலைத்துணியும் ஊசிப் பொட்டலமும் திருத்தணிக்கு எட்டாத தொலைவில் இல்லை.

இயந்திரங்களை எதிர்த்த காந்தி இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். 1924இல் டெல்லியில் சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் அவரிடம், நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் எதிரியா என்று கேட்டார். கண்டுபிடிக்கப்பட்ட பயனுள்ள சில பொருள்களில் சிங்கர் தையல் மிஷினும் ஒன்று என்ற கருத்தைக் காந்தி சொன்னார். தன் மனைவி கையால் தைத்துத் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்த சிங்கர், அவள்மேல் வைத்த அன்பால் அதைச் செய்தார் என்றும் விளக்கினார். சிங்கரின் வாழ்க்கையை அறிந்தவர்கள் அந்தக் கதையை அப்படியே ஏற்கமாட்டார்கள். ஆனால் காந்தி அதில் பார்த்தது முக்கியம்: வீட்டுக்குள் அன்பால் நடக்கும் உழைப்பு, கவனிக்கத் தகுந்த உழைப்பு. கேள்வி கேட்ட மாணவர் ஜி. ராமச்சந்திரன். 1947இல் மனைவி சௌந்தரத்தோடு திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர் அவர்தான். 1930களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் நிறுவனம் உஷா மிஷினைச் செய்யத் தொடங்கியது. கறுப்பு உடம்பில் தங்க எழுத்தோடு, கை மிஷினாகவும் கால்மிதி மிஷினாகவும் அது வீடுகளுக்கு வந்தது.

திருத்தணி அந்தக் காலத்தில் எல்லைச் சண்டையின் நடுவில் இருந்தது. கார்வேட்டி நகர் ஜமீனின் கீழ் இருந்த ஊர், 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது, 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதோடு போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. வரைபடம் மூன்று முறை மாறியும் தூளி மாறவில்லை. தமிழ்ப் பாட்டியும் தெலுங்குப் பாட்டியும் ஒரே மாதிரிச் சேலையை ஒரே மாதிரி உத்திரத்தில் கட்டி, அவரவர் மொழியில் தாலாட்டினார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் தையலைக் கிராமத்துக்குக் கொண்டுபோனது அரசு. 1952 அக்டோபர் 2இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் கீழ் கிராம சேவிகைகள் வந்தார்கள், மாதர் சங்கங்கள் எழுந்தன. சங்கக் கட்டிடத்தில் ஓரிரு மிஷின்கள் இருக்கும். மத்தியான வேலை முடித்த பெண்கள் அங்கே பேப்பரில் வெட்டிப் பழகினார்கள். அரசு தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியம், இசை ஆகியவற்றோடு தையலும் இருந்தது. லோயர், ஹையர் என்று இரண்டு படிகள். ஹையர் தேறி, ஆசிரியர் பயிற்சியும் முடித்தவர்கள் பள்ளியில் தையல் டீச்சர் ஆனார்கள். அந்த டீச்சரிடம் படித்தவர்கள்தான் இன்றைய பாட்டிகள்.

கணவனை இழந்த, கைவிடப்பட்ட பெண்களுக்குத் தையல் மிஷின் இலவசமாகக் கொடுக்கும் தமிழக அரசின் திட்டம் சத்தியவாணிமுத்து அம்மையாரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆதிதிராவிடர் நலனுக்காகக் குரல் கொடுத்த தி.மு.க.வின் முன்னோடித் தலைவர் அவர். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளின் இலவசச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களிடம் கொடுத்ததும் பெரிய காரியம். எத்தனையோ வீட்டில் வாசல் பக்கம் மிஷின் உட்கார்ந்தது. பகலில் சீருடை, ரவிக்கை, சேலைக்கு ஃபால்ஸ். இரவில், எண்ணெய் போட்ட அதே சக்கரத்தில், வெட்டுத்துணியில் பேத்திக்குப் பாவாடை.

மிஷின் வந்தபின் பாட்டியின் அன்பளிப்பு உருமாறியது. ஜப்லாவுக்குக் கழுத்துப் பட்டி வந்தது. பட்டுச் சேலையின் கிழியாத சரிகைக் கரை பேத்தியின் பாவாடை ஓரத்தில் ஏறியது. அது இந்தக் கதையின் மிக அழகான பகுதி. தாயின் கல்யாணச் சேலை நடுவில் நைந்தாலும் கரை நைவதில்லை. அதை வெட்டி மகளின் பாவாடைக்கும், மகளின் பாவாடை சின்னதானதும் பிரித்துப் பேத்தியின் பாவாடைக்கும் வைத்துத் தைத்தால் மூன்று தலைமுறை ஒரே சரிகையை அணிந்துவிடும். கிருத்திகைக்கு மலையேறி மொட்டை போடவிருக்கும் பிள்ளைக்கு, மஞ்சளில் நனைத்த துணியில் சொக்காய் தைப்பதும் வீட்டு மிஷினின் வேலையானது. மார்கழிப் பனிக்குக் கம்பளி எட்டிப் பார்த்தது. பெண்கள் பத்திரிகைகளின் குறிப்பைப் பார்த்து, இரண்டு பின்னல் ஊசியில் உல்லன் குல்லா போட்டார்கள். அதிகாலைப் பஜனைக்குத் தூக்கிப் போகும் பிள்ளையின் காது மூட அது போதும். ஸ்வெட்டர் வரை போக இந்த ஊரின் குளிர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கை ஓய்ந்த நேரத்தில் பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னி, பேரனுக்கு டிபன் பாக்ஸ் கொண்டுபோகச் சின்னதாக ஒன்று கொடுப்பதும் உண்டு.

இன்று நிலைமை வேறு. நெசவூர்களில் கைத்தறியின் இடத்தைப் பெரும்பாலும் விசைத்தறி எடுத்துக்கொண்டது. பிறந்த குழந்தைக்கான உடைகள் திருப்பூரிலிருந்து டஜன் கணக்கில், ஓவர்லாக் அடித்து, கண்ணாடிக் காகிதத்தில் வருகின்றன. மருத்துவமனைக்குப் போகும்போதே ஒரு பெட்டி வாங்கிவிடுகிறார்கள். பாட்டி கட்டுவதும் பாலியஸ்டர் கலந்த சேலை, அது எத்தனை துவைத்தாலும் வேர்வை உறிஞ்சாது. ஒரு வழக்கம் அழிவதற்கு மனம் மாற வேண்டும் என்பதில்லை, துணி மாறினால் போதும்.

ஆனால் பாட்டியின் கைவேலை திரும்பி வந்த ஓர் இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கின் லம்பாடிக் குடியிருப்புகளான தாண்டாக்களில், கண்ணாடியும் சோழியும் பதித்த பூவேலை உடைகளைப் பெண்கள் தலைமுறைக்கு முன்பே கைவிட்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்துக்குத் தகுந்தபடி சேலைக்கு மாறினார்கள். தையல் தெரிந்தவர்களாக மிஞ்சியது வயதான சிலர் மட்டும். அங்கே பழங்குடி மருத்துவமனை நடத்திவந்த மருத்துவர்கள் ரெஜி, லலிதா தம்பதியின் முயற்சியில், 2000களின் நடுவில், அந்த மூத்த பெண்கள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். பழைய உடைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, தையலைப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றின் பெயரையும் நினைவுபடுத்தினார்கள். உருவான அமைப்புக்கு போர்கை என்று பெயர் வைத்தார்கள். லம்பாடியில் பெருமிதம் என்று பொருள். வேலை தேடித் திருப்பூருக்குப் போயிருக்கக்கூடிய பெண்கள், பாட்டி தைத்த தையலில் ஊரிலேயே சம்பாதிக்கிறார்கள்.

திருத்தணியில் அப்படி ஒரு தொடக்கத்துக்குப் பெரிய பணம் வேண்டாம். 1960இல் எல்லை மாறியபோது பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எழுபதுகளின் நடுவில் இருக்கிறார்கள். மாதர் சங்கத்து மிஷினில் பழகியவர்கள், தறி வீட்டில் தார் சுற்றியவர்கள், பள்ளியில் காஜா எடுத்து மார்க் வாங்கியவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அம்மையார்குப்பத்திலோ பொதட்டூர்பேட்டையிலோ ஒரு கல்லூரி மாணவி நோட்டுப் புத்தகத்தோடு போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்க வேண்டியவை நிறைய உண்டு. முதல் பிள்ளைக்குத் தூளி யார் சேலையில் கட்டினீர்கள்? பாவின் கடைசித் துண்டை என்ன செய்தீர்கள்? ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அம்மாவா, டீச்சரா? பேத்திக்குத் தைத்ததில் ஏதாவது ஒன்று இன்னும் பெட்டியில் இருக்கிறதா?